போகிற ஆளோடு பதினோரு மாதம்

சென்ற மாதம் பட்டறையின் புதிய பிரிவைத் திறந்தபோது என்னையும் அழைத்திருந்தீர்கள். தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வரைபடப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தொடக்கத்தில் ஒரு வருடத்துக்கும் மேலாகச் சம்பளமே இல்லாமல் வேலை செய்தீர்களாமே, எப்படி மனசு விடாமல் இருந்தீர்கள் என்று கேட்டாள். அப்போது சின்ன வயசு என்று சொல்லிச் சிரித்தேன். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் உறுத்தியது. அது உண்மை இல்லை. எனக்கு மனசு விட்டுப்போகத்தான் செய்தது. ஒரு தடவை முழுதாகவே விட்டுப்போனது. உங்களில் சிலர் நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஏதோ தொடங்கப் பார்க்கிறீர்கள் என்றும், அதில் இப்போதைக்கு யாருக்கும் ஒன்றும் கிடைக்காது என்றும் கேள்விப்பட்டேன். அவர்களுக்காகவாவது நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று தோன்றியது.

இலங்கையில் எழுபதுகளின் முதல் பாதி அது. வெளிநாட்டிலிருந்து எதுவும் வருவதில்லை என்று ஆகியிருந்த காலம். தேயிலைத் தொழிற்சாலைகளில் ஓடியவை எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து இயந்திரங்கள். சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால் மாற்றுவதற்குச் சக்கரம் கிடையாது. பாண் என்கிற ரொட்டிக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும். அதுவும் கிடைக்காத நாளில் மரவள்ளிக்கிழங்கு. நான் பதுளையில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் ட்ரேசராக இருந்தேன். அவர் வரைந்த படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, அதே கோட்டை அதே இடத்தில் மறுபடி இழுப்பதுதான் என் வேலை. அவர் அலுவலகத்தை மூடிக்கொண்டு கொழும்புக்குப் போனார். எனக்கு வயது இருபத்திரண்டு. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த பலரைப் போல எங்கள் குடும்பத்துக்கும் இந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது, இந்தியக் குடியுரிமையும் கிடையாது. அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போடவே முடியாது. அப்பாவும் அம்மாவும் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் இருந்தார்கள். நான் பதுளையில் அண்ணன் வீட்டில் இருந்தேன்.

அப்போதுதான் நஸீர் நானா வந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். பஜாரில் அவருடைய வாப்பாவுக்கு இரும்புக்கடை. தோட்டங்களிலிருந்து ஆட்கள் உடைந்த சாமான்களைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பிப் போவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலில் அந்தச் சாமான்களை நாமே வார்த்துக் கடைந்து கொடுப்போம் என்று முடிவெடுத்திருந்தார். உடைந்ததைப் பார்த்து அளந்து படம் வரைய ஓர் ஆள் வேண்டும் என்றார்.

"சம்பளம் இல்ல தங்கச்சி. எப்ப வருமெண்டும் தெரியா. தெரியுமெண்டு சொன்னா அது பொய்."

இதை அவர் முதல் வார்த்தையாகவே சொன்னார். அதற்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறேன். நான் சரி என்று சொன்னதற்குச் சேவை மனப்பான்மை எல்லாம் காரணமில்லை. மூன்று வருடமாக அடுத்தவர் கோட்டின் மேல் கோடு இழுத்திருந்தேன். என்னுடைய கோடு ஒன்று ஏதோ ஓர் இயந்திரத்துக்குள் சுற்றப்போகிறது என்ற நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். நீங்களும் சம்பளமில்லாத ஓரிடத்தில் சேருவதானால் உங்கள் காரணத்தை உங்களுக்குள்ளாவது உண்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அழகான காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை.

நாங்கள் நான்கு பேர். நஸீர் நானா, நான், வார்ப்பு வேலைக்குப் பியதாச, லேத்தில் கடைவதற்கு மாரிமுத்து அண்ணன். பியதாசவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பரம்பரையாக விளக்கும் மணியும் வார்த்த சிங்களக் குடும்பம். தமிழ் பேசுவார், ஆனால் கொஞ்சமாகத்தான் பேசுவார். மாரிமுத்து அண்ணனுக்கு முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். ஒரு தோட்டத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர்.

முதல் நாள் நான்கு பேரும் கொட்டிலில் உட்கார்ந்து, யாரால் எவ்வளவு நேரம் வர முடியும் என்று பேசினோம். மாரிமுத்து அண்ணன் தன் முறை வந்ததும், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி தனக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது என்றார். தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டியாகிவிட்டது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரும் கப்பலுக்குத் தேதி வருவதற்குக் காத்திருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் எப்படியும் போய்விடுவார்கள்.

போகப்போகிற மனிதனை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று பியதாச அவர் முன்னாலேயே கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். இந்தப் பட்டறை என்றைக்காவது பலன் கொடுத்தால் அதில் ஒரு துளிகூட இவருக்கு வராது. பிறகு எதற்கு உழைப்பார்?

மாரிமுத்து அண்ணன் கோபப்படவில்லை. "பேர் வெட்டுன பொறகு ஒரு வருஷம் நான் சும்மா உக்காந்திருக்கணுமா? எனக்குத் தெரிஞ்ச வேல இது. போற ஆளுன்னு ஒதுக்கி வச்சு எடுபிடி வேல குடுக்காதீங்க. இருக்க வரைக்கும் முழு ஆளா வச்சுக்கங்க. போற தேதி தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிருவேன்."

நஸீர் நானா தலையசைத்தார். மறுநாள் காலை நாங்கள் மூவரும் வருவதற்கு முன்னால் மாரிமுத்து அண்ணன் வந்து லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று நான்கு மாதம் எனக்கு எந்தக் கஷ்டமும் தெரியவில்லை. எல்லாம் புதிதாக இருந்தது. வரைவதற்குத் தாள் கிடைக்காது. பழைய நில அளவைப் படங்களின் பின்பக்கத்தில் வரைந்தேன். சின்னச் சின்னச் சாமான்கள் செய்தோம். சில சரியாக வந்தன, பல வரவில்லை. நஸீர் நானா பஜாரில் வீடு வீடாகப் போய் உடைந்த பித்தளைக் குடம், தண்ணீர்க் குழாய் என்று கேட்டு வாங்கிவருவார். அதை உருக்கி வார்ப்போம்.

ஐந்தாம் மாதத்தில் சலிப்பு வந்தது. அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் அரைப் பாணை ஆறு பேருக்கு வெட்டுகிறவளுக்கு, தினமும் காலையில் வேலைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிற ஒருத்தியைப் பார்த்தால் என்ன தோன்றும்? அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு புடவைக்கடையில் பில் எழுத ஆள் தேடுகிறார்கள் என்று அண்ணன் சொன்னான்.

எனக்கு அதை நஸீர் நானாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தேன். ஒரு நாள் என்று நினைத்தது மூன்று நாளானது. முதல் நாள் மத்தியானம் சும்மா படுத்திருந்தபோது, கடைசியாக வரைந்து கொடுத்த படம் மனதில் ஓடியது. உலோகம் ஆறும்போது சுருங்கும். அதற்கேற்ப அளவைக் கூட்டித்தான் வரைய வேண்டும். வெளிப்பக்கத்துக்குக் கூட்டியிருந்தேன், உள்துளைக்குத் தவறாகக் கணக்குப் போட்டிருந்தேன். அது படுத்திருந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. எழுந்து போய்ச் சொல்ல இருபது நிமிட நடைதான். நாளைக்குப் போய்ச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

நான்காம் நாள் போனபோது என் படத்தை வைத்து வார்த்து முடித்திருந்தார்கள். துளை பெரிதாகிப் பொருந்தாமல், வார்த்தது வீணாகிக் கிடந்தது. உலோகத்தை மறுபடி உருக்கலாம். ஆனால் அது எங்களுக்குக் கிடைத்த முதல் உண்மையான வேலை. ஒரு தோட்டத்துக்கு அன்றைக்குத் தருவதாக நஸீர் நானா வாக்குக் கொடுத்திருந்தார். ஆள் வந்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொடுத்த மாதிரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் அழுதேன். காய்ச்சல் இல்லை என்றும், தவறு மூன்று நாளைக்கு முன்பே தெரியும் என்றும், வேறு வேலைக்குப் போக நினைத்தேன் என்றும் எல்லாவற்றையும் சொன்னேன். நஸீர் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரிமுத்து அண்ணன்தான் பேசினார்.

"போறதுன்னா போ தங்கச்சி. அது தப்பில்ல. நானும் போற ஆளுதானே. ஆனா போறேன்னு சொல்லிட்டுப் போ. நீ இருக்கேன்னு நெனச்சுதானே நாங்க வார்த்தோம்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் வேலை பார்த்திருக்கிறார்கள், விட்டுப் போயிருக்கிறார்கள். போனவர்களால் எனக்குப் பெரிய நட்டம் வந்ததில்லை. இருக்கிற மாதிரி காட்டிக்கொண்டு இல்லாமல் இருந்தவர்களால்தான் வந்தது. அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

அன்று சாயங்காலம் நான்கு பேரும் மறுபடி உட்கார்ந்தோம். என்னால் எதைக் கொடுக்க முடியும் என்று முதல் தடவையாக யோசித்துப் பேசினேன். வியாழன், வெள்ளி, சனி புடவைக்கடைக்குப் போகிறேன். திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள் இங்கே. இதைப் புதுவருடம் வரைக்கும் தவறாமல் செய்வேன். அதற்குப் பிறகு முடியாது என்றால் ஒரு மாதம் முன்னால் சொல்வேன். நஸீர் நானாவுக்கு வருத்தம்தான். ஆனால் ஒப்புக்கொண்டார். ஆறு நாள் வந்தபோது செய்ததைவிட மூன்று நாளில் நான் அதிகம் செய்தேன். அண்ணியின் முன்னால் தலை நிமிர்ந்து சாப்பிட்டேன். மனசை எப்படிப் பிடித்து வைத்தீர்கள் என்று கேட்ட பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். மனசைப் பிடித்து வைக்கவில்லை. எவ்வளவு தர முடியும் என்று அளந்து சொன்னேன், சொன்னதைத் தந்தேன். மனசு தானாகப் பின்னால் வந்தது.

பதினோராவது மாதம், அப்புத்தளைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் தேயிலை காய வைக்கும் ட்ரையரின் வெண்கலப் பல்சக்கரம் உடைந்துவிட்டது. கொழுந்து நிறைய வருகிற பருவம். பறித்த கொழுந்தை லாரியில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் இடம் போதவில்லை. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் பாதிப் பேருக்குத்தான் வேலை கொடுக்க முடியும் என்று பெரட்டில், காலையில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் இடத்தில், சொல்லியிருந்தார்களாம். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கடைசி நம்பிக்கையாக எங்கள் கொட்டிலுக்கு வந்தார். அளப்பதற்கு நஸீர் நானாவோடு நான் தொழிற்சாலைக்குப் போனேன். அவர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு படம் வரைகிறவர் எப்போது வருவார் என்று நஸீர் நானாவிடம் கேட்டார்.

அதே வாரம் மாரிமுத்து அண்ணனுக்குத் தேதி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில். சொன்னபடி, தெரிந்த அன்றைக்கே சொன்னார்.

சக்கரத்தை வார்த்தோம், கடைந்தோம். செவ்வாய்க்கிழமை காலை லாரியோடு டீமேக்கர் ஐயா வந்து நின்றார். சக்கரம் பார்க்க அழகாக இருந்தது. அளந்தேன், எல்லாம் சரி. மாரிமுத்து அண்ணன் அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் சுற்றித் தட்டினார். மணி போல ஒலித்தது. ஓரிடத்தில் மட்டும் ஒலி அடங்கியது. மறுபடி தட்டினார், மறுபடி அடங்கியது. என்னையும் தட்டச் சொன்னார். எனக்கும் கேட்டது. உள்ளே எங்கோ காற்றுக்குமிழ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நஸீர் நானா என்னைத் தனியே கூப்பிட்டார். முதல் வேலை போனது போல இதுவும் போனால் வாப்பா கொட்டிலைத் திரும்பக் கேட்பார் என்றார். இதை இப்போது கொடுத்துவிடுவோம், இரண்டு மாதம் ஓடினால் போதும், அதற்குள் வேறு செய்து மாற்றிவிடலாம் என்றார். அவர் நேர்மையில்லாத மனிதர் இல்லை. பயந்திருந்தார். நானும் பயந்துதான் இருந்தேன். ஆனால் அந்த வீணான வார்ப்புக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். அளந்தவள் சரி என்று சொல்லாமல் எந்தச் சாமானும் வெளியே போகக்கூடாது. ஆகவே சொல்ல வேண்டியவள் நான்.

மாரிமுத்து அண்ணனைப் பார்த்தேன். அவர் எனக்காகச் சொல்லவில்லை. "நான் ஞாயித்துக்கிழம போயிருவேன். ஒடஞ்சா பதில் சொல்லப் போறது நீங்க மூணு பேரும்தான். நீயே சொல்லு," என்றார்.

நான் லாரியிடம் போனேன். சக்கரம் உள்ளே சரியில்லை என்று சந்தேகமாக இருக்கிறது, தர மாட்டோம், வெள்ளிக்கிழமை வேறு தருவோம் என்றேன். டீமேக்கர் ஐயாவுக்குக் கோபம் வந்தது. தோட்டத்தை நடத்தும் துரைக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழம ஓடும்னு சொல்லுங்க ஐயா. சொன்னது யாருன்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க."

அவர் என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். அதற்குள் மாரிமுத்து அண்ணன் பெரிய சம்மட்டியை எடுத்து, ஒலி அடங்கிய இடத்தில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் சக்கரம் பிளந்தது. உள்ளே பாண் துண்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. நஸீர் நானா தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீமேக்கர் ஐயா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தத் துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினார்.

அடுத்த மூன்று நாளும் நால்வரும் கொட்டிலிலேயே இருந்தோம். புடவைக்கடை முதலாளியிடம் கெஞ்சி இரண்டு நாள் லீவு வாங்கினேன். மாரிமுத்து அண்ணனின் மனைவி வியாழக்கிழமை வந்து, கட்ட வேண்டிய பெட்டிகள் அப்படியே கிடக்கின்றன என்றார். வெள்ளிக்கிழமை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று இவர் சொன்னார். அந்த அம்மா லேத்தையும் எங்களையும் ஒரு பார்வை பார்த்தார். "அங்க போயி இவரு இந்த மாதிரி ஒரு எடம் தேடித்தான் அலையப் போறாரு," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது சக்கரம் முழு வட்டமும் ஒரே ஒலியாக ஒலித்தது. வெள்ளிக்கிழமை நாங்களே கொண்டுபோய்ப் பொருத்தினோம். ட்ரையர் சுற்றத் தொடங்கியதும், வேலையில்லாமல் வெளியே காத்திருந்த தொழிற்சாலை ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை. வேலையைத் தொடங்கினார்கள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீமேக்கர் ஐயா இயந்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எந்தப் பாகத்தை யார் மாற்றினார்கள் என்று எழுதும் புத்தகம் அது. அதுவரை இருந்தவை எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயர்கள். என் கையெழுத்தைத் தமிழில் போட்டேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையாக நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதுளை ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் போனோம். பிளாட்ஃபார்ம் முழுக்க அழுகை. அந்த ரயில்கள் எப்போதும் அப்படித்தான் புறப்படும். மாரிமுத்து அண்ணன் அழவில்லை. ஜன்னல் வழியாக நஸீர் நானாவிடம் லேத்தின் பெல்ட் தளர்ந்திருக்கிறது, ஒரு வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள் என்றார். அதுதான் அவர் எங்களிடம் பேசிய கடைசிப் பேச்சு.

திங்கட்கிழமை காலை நான் கொட்டிலுக்குப் போனபோது வாசலில் மூன்று தோட்டங்களிலிருந்து ஆட்கள் உடைந்த பாகங்களோடு நின்றார்கள். டீமேக்கர் ஐயா அந்த உடைந்த வெண்கலத் துண்டைத் தன் துரையிடமும், தெரிந்த மற்ற டீமேக்கர்களிடமும் காட்டி, சரியில்லாததைத் தர மாட்டோம் என்று சொன்ன பட்டறை இது என்று சொல்லியிருந்தாராம். நஸீர் நானாவுக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். வேலை வந்துவிட்டது, லேத்தில் நிற்க ஆள் இல்லை. கண்டியிலிருந்து யாரையாவது தேடிக் கொண்டுவரும் வரைக்கும் இவர்களை எப்படிக் காத்திருக்கச் சொல்வது என்று என்னிடம் கேட்டார்.

பியதாச வார்ப்புக் குழியிலிருந்து எழுந்து வந்தார். கையைக் கழுவினார். லேத்தின் முன்னால் நின்று, பெல்ட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்து, பாகத்தைப் பூட்டி, ஓட்டினார். தடுமாற்றமில்லாத கை. இதை எப்போது கற்றீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க புடவக்கடைக்கு போற நாள், நானா பகல் சாப்பாட்டுக்கு போன பொறகு," என்றார் பியதாச, கண்ணை எடுக்காமல். "ஆறு மாசம். மாரிமுத்து சொல்லித் தந்தது. நான் போனா இது நிக்கக் கூடாது, அவர் சொன்னது."

முதல் நாள் அந்த மனிதரை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். அதை நான் நினைவுபடுத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் மறந்தவராகத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து எங்களுக்கு முதல் சம்பளம் வந்தது. நான் புடவைக்கடையை விட்டேன். கொட்டிலில் சொல்லியிருந்தது போலவே ஒரு மாதம் முன்னால் அங்கேயும் சொல்லிவிட்டுத்தான் விட்டேன். அதற்குப் பிறகு நல்ல நாட்களும் மோசமான நாட்களும் நிறைய வந்தன, அவற்றில் பல உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பட்டறை எந்த நாளில் நிலைத்தது என்று கேட்டால், நான் சம்பள நாளைச் சொல்ல மாட்டேன். அந்தத் திங்கட்கிழமையைச் சொல்வேன். மாரிமுத்து அண்ணன் அப்போது தலைமன்னாரில் கப்பலுக்காகக் காத்திருந்திருப்பார். பதுளையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது.